தட்டிக் கேட்டுத் திறந்தவர்

எதையும் அவர் தட்டாமல் திறந்து நான் பார்த்ததில்லை. அலுமாரிக் கதவோ, மேசையில் இழுக்கிற லாச்சியோ, அரிசிப் பெட்டியோ, எதுவானாலும் முதலில் விரல் முட்டியால் மெல்லத் தட்டுவார். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார். "திறக்கலாமுங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார். உள்ளேயிருந்து பதில் வராது என்று நிச்சயப்பட்ட பிறகுதான் கைப்பிடியில் விரல் வைப்பார். அந்தச் சிறிது நேரம் அவர் மூச்சு விடமாட்டார். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பதுளைக் கடைவீதி முடிந்து ஆற்றுக்கு இறங்கும் பாதையில் அவருடைய கொட்டகை இருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களிலிருந்தும் கடைக்காரர் வீடுகளிலிருந்தும் வரும் பழைய மரச்சாமான்களைச் சுரண்டி, வர்ணமும் சாயமும் ஏற்றிக் கொடுப்பது அவர் தொழில். ஊரே அவரை வர்ணக்காரர் என்றுதான் கூப்பிட்டது. பெயர் இருந்தது. ஆனால் அச்சில் தன் பெயரைக் கண்டால் அரசாங்கக் கச்சேரியிலிருந்து யாராவது தேடி வருவார்களோ என்று நடுங்குகிற மனிதர். அதனால் எழுதவில்லை.

நான் அப்போது அப்பாவின் கடைக்காக மாட்டுக் கரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து அரிசியும் கருவாடும் மண்ணெண்ணெயும் மாட்டுக் கரத்தையில்தான் பதுளைக்கு இறங்கும். தோட்டங்களில் சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும்போது அவருக்காக மேசையோ நாற்காலியோ ஏற்றி வருவேன். அப்படித்தான் பழக்கம். என்னைவிட நன்றாக மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார்.

பயப்படுவதை அவர் ஒரு வேலை மாதிரி செய்தார். காலையில் எழுந்ததும் தொடங்கிவிடுவார். இடி இடித்தால் வேலை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வார். என் மாடுகள் இரண்டும் பரம சாது. ஆனாலும் கரத்தைக்குப் பின்னால்தான் நடப்பார், கொம்புப் பக்கம் வரமாட்டார். பொலிஸ்காரர் தொப்பி கடைவீதியில் தெரிந்தால் செய்யாத குற்றத்தையெல்லாம் நினைத்து நினைத்து வியர்ப்பார்.

ஒருமுறை கடைவீதி மிட்டாய்க்காரன் விளையாட்டுக்கு ஒரு வேலை செய்தான். சுரண்ட வந்திருந்த பெரிய பெட்டி ஒன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். வர்ணக்காரர் வழக்கம்போலத் தட்டி, "திறக்கலாமுங்களா?" என்றதும், "திற" என்றான் அடித்தொண்டையில். அவ்வளவுதான். மனிதர் கொட்டகையை விட்டு ஓடி, ஆற்றில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டார். யார் கூப்பிட்டும் கரைக்கு வரவில்லை. நாங்கள் முதலில் சிரித்தோம். பொழுது சாயும்போதும் அவர் அங்கேயே நிற்பதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று. நான்தான் இறங்கிக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கை பனிக்கட்டியாக இருந்தது. அதன் பிறகு காய்ச்சலில் பல நாள் படுத்துவிட்டார். மிட்டாய்க்காரன் தினமும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகு யாரும் அவரிடம் விளையாடியதில்லை.

எதற்கு இந்தத் தட்டல் என்று ஒரு மழைநாளில் கேட்டேன். பால் வர்ணத்துக்காகத் திரிந்த பாலைத் துணியில் கட்டிப் பிழிந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்.

"சின்னப் புள்ளையில அம்மாவோட கடல் தாண்டி மன்னார்ல வந்து இறங்குனேன் தம்பி. அங்க இருந்து தோட்டத்துக்குக் காட்டு வழியா நடந்துதான் வந்தோம். வழியில மடத்துல படுக்க வச்சாங்க. விடிஞ்சுது. எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. அம்மா போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருந்துச்சு. எனக்குப் பசி. கூப்பிடாமப் போர்வையைப் புடுங்கிட்டேன்."

பிழிந்த துணியைப் பிரித்தார். வெள்ளைக் கட்டியைச் சட்டியில் உதறினார்.

"பேதி. ராத்திரியே போயிருச்சு. கண்ணு திறந்து இருந்துச்சு. கூப்பிட்டிருந்தா பதில் வரலைன்னு தெரிஞ்சிருக்கும். வேற யாராவது வந்து பாத்திருப்பாங்க. நான் அந்த முகத்தைப் பாத்திருக்க மாட்டேன்."

சட்டியை எடுத்துக்கொண்டு அம்மியடிக்குப் போனார்.

பால் வர்ணம் என்றேனே, அதை ஊரில் அவர் ஒருவர்தான் பூசினார். திரிந்த பாலின் கட்டியை நீர்த்த சுண்ணாம்போடு சேர்த்து அம்மியில் வழவழவென்று அரைப்பார். காவி வேண்டுமானால் காவிமண், நீலம் வேண்டுமானால் நீலப்பொடி. எண்ணெய் வர்ணம் மாதிரி பளபளக்காது. தடவினால் நன்றாகக் காய்ந்த சுவரைத் தொடுவதுபோல இருக்கும். காய்ந்த பிறகு வாடையே கிடையாது. ஆனால் செய்கிறவர் மேல் புளித்த பால் வாடை எப்போதும் இருக்கும். கடைவீதியில் அவர் நடந்தால் பூனைகள் பின்னால் வரும். பூனைக்கும் பயப்படுவார்.

ஹாலிஎலைக்கு மேலே மலையில் ஒரு தோட்டம். அங்கிருந்த துரையின் மனைவி துரைசாணிக்குப் பிள்ளை பிறக்கவிருந்தது. எண்ணெய் வர்ண வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டியது. அவள் தாய்வீட்டிலிருந்து கப்பலில் வந்த பழைய அலுமாரி ஒன்று பங்களாவில் இருந்தது. இடுப்பு உயரம், மேலே மூன்று லாச்சி, கீழே இரட்டைக் கதவு போட்ட ஆழமான அறை. பல தலைமுறை கண்ட சாமான். வர்ணம் பாளம் பாளமாக உரிந்து தொங்கியது. அதைச் சுரண்டி, உடம்புக்கு வெளிர்நீலப் பால் வர்ணமும் மேல்பலகைக்கு மரம் தெரிகிற மாதிரி சாயமும் ஏற்றித் தர வேண்டும், பிள்ளையின் துணிமணி வைக்க. பங்களா சமையல்காரர் அப்பு மூலம் சொல்லியனுப்பினாள். மழைக்காலம் என்பதால் அங்கே வேலை செய்ய முடியாது, கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் வர்ணக்காரர்.

நான் கரத்தையோடு போனேன். தோட்டத்து ஆட்கள் நாலு பேர் அலுமாரியைத் தூக்கி மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். லாச்சிகள் நழுவாமல் கயிறு போட்டுக் கட்டினோம். மேலே சாக்குப் போர்த்தினோம். அப்பு எங்களைச் சமையற்கட்டுப் பின்புறம் கூப்பிட்டுச் சோறு போட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து மாட்டைப் பூட்டினோம். வேறெதையும் கவனிக்கவில்லை.

பாதி மலை இறங்கியபோது பனிமூட்டம் வந்து ரோட்டை மூடிக்கொண்டது. பட்டப்பகல்தான், ஆனால் மாட்டின் கொம்பு எனக்கே சரியாகத் தெரியவில்லை. பின்னால் நடந்துவந்தவர் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தார்.

"தம்பி, நிறுத்து. கதவு தட்டுது."

"ரோடு கல்லா இருக்குல்ல, அண்ணே. ஆடுது."

"இல்ல தம்பி. கரத்தை நின்ன பொறகும் தட்டுது. கேளு."

கேட்டேன். கரத்தை நின்றிருந்தது. சாக்குக்கு அடியில், மரத்தில், மெல்லிய ஒலி. டொக். சிறிது இடைவெளி. டொக். மிட்டாய்க்காரனின் நினைவு வந்தது. ஆனால் அந்த மலைப்பாதையில் எங்களைத் தவிர யாருமில்லை.

நான் இறங்குவதற்குள் அவர் சாக்கை விலக்கிவிட்டார். ஏன் ஓடவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உதடு வெளுத்திருந்தது. விரல் முட்டியால் கதவில் தட்டினார். "திறக்கலாமுங்களா?" என்றார். குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது.

"வேணாமுங்க" என்றது உள்ளே ஒரு பெண்குரல்.

நான் கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. கரத்தைச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் குரலே திரும்பவும் பேசிற்று, அழுதுகொண்டே.

"நான் மீனாச்சிங்க. பங்களாவுல பாத்திரம் கழுவுற புள்ள. சாப்பிடப் போனீங்கள்ல, அப்ப ஏறிட்டேன். மூச்சு முட்டுது, அதான் தட்டுனேன். திறந்தா யாராச்சும் பாத்துருவாங்க. கதவை லேசா விரிச்சு மட்டும் வைங்கண்ணே."

கதவை விரல் அளவு விரித்து ஒரு மரத்துண்டைச் சொருகினோம். அந்த இடுக்கு வழியாகத்தான் அவள் கதையைச் சொன்னாள். புருஷன் போன வருஷம் செத்துப்போனான். தோட்டத்து ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணி அவளைத் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றாள். நேற்று, ஆட்களைப் பேர் சொல்லி எண்ணுகிற பெரட்டுக்களத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, பிரம்பின் பூணால் தலையில் அடித்தார். இன்று சாயங்காலத்துக்குள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். அவளுடைய அண்ணன் பதுளைக்கு அப்பால் பசறைப் பாதையில், கல் உடைக்கிற ரோட்டு வேலைக் கேம்பில் இருந்தான். அவனிடம் போய்ச் சேர்ந்தால் போதும்.

தோட்டத்து ஆளை ஒளித்துக் கூட்டிப்போனால் கோர்ட்டு, மறியல் என்று உள்ளே போட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் கங்காணியின் ஆட்கள் கையில் அகப்பட்டால் கோர்ட்டு வரை போய்ச் சேரவும் மாட்டோம். கீழே தோட்டத்து எல்லையில் காவல் கொட்டில் இருந்தது. தேயிலை வெளியே போகிறதா என்று ஒவ்வொரு கரத்தையையும் அங்கே சோதிப்பார்கள்.

"அண்ணே, என்ன செய்ய? இறக்கி விட்டுருவமா?"

அவர் சாக்கை இழுத்துச் சரியாகப் போர்த்தினார். அதன் நுனியைக் கயிற்றுக்குள் செருகினார்.

"ஓட்டு தம்பி" என்றார்.

காவல் கொட்டிலில் இரண்டு பேர். ஒருவர் கிழவர், மற்றவன் வாலிபன். வாலிபன் கையில் பிரம்போடு நடு ரோட்டுக்கு வந்தான்.

"என்னய்யா ஏத்தியிருக்க?"

"பங்களா அலுமாரி. வர்ணம் பூசக் கொண்டு போறோம்" என்றேன்.

"உள்ள?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா திறந்து காட்டு. கங்காணி கடுமையாச் சொல்லியிருக்காரு." பிரம்பு நுனியால் சாக்கைத் தூக்கினான்.

"தொடாதீங்க!" என்று அலறினார் வர்ணக்காரர்.

நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பல்லோடு பல் மோதித் தாடை அடித்துக்கொண்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ஏய், என்னய்யா உனக்கு?"

"அம்மைங்க. இது கப்பல்ல வந்த சாமானுங்க. கப்பல்ல அம்மை போட்டுருக்கு. இதுல துணி வச்சிருந்த புள்ளைக்கு ஆத்தா வாத்துருச்சுங்க. அதான் எல்லாத்தையும் சுரண்டி எடுக்கணும்னு... நான் தொட மாட்டேன்னேன். துரை கேக்கலைங்க. நான் செத்துருவேன், எனக்குத் தெரியும், நான் செத்துருவேன்."

சொல்லிக்கொண்டே ரோட்டோரத்தில் குந்தி, சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்தார்.

வாலிபன் பிரம்பைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். கிழவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "ஆத்தா மகமாயி" என்றார். "போங்க போங்க. நிக்காதீங்க. சீக்கிரமா ஓட்டுய்யா."

ஓட்டினேன். நெடுந்தூரம் வந்த பிறகு, எப்படி அண்ணே இவ்வளவு துணிச்சலாகப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"துணிச்சலா? பயத்துல உசிரே போயிருச்சு. இவ்வளவு பயப்படுறதுக்கு என்ன காரணம்னு அவன் கேப்பான்ல? ஒரு காரணம் சொல்லணும்ல? வாயில வந்துச்சு, சொன்னேன்."

பதுளைக் கடைவீதி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. விளக்கு ஏற்றுகிற நேரம். தெரிந்தவர்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள். "என்ன வர்ணக்காரரே, கொட்டகையைத் தாண்டிப் போறீங்க?" என்று மிட்டாய்க்காரன் கேட்டான். சக்கரத்து அச்சுக்கு மை போட வேண்டும் என்று நான் ஏதோ உளறினேன். அவர் தலையைக் குனிந்தபடி நடந்துகொண்டே இருந்தார்.

ரோட்டு வேலைக் கேம்பை அடுத்த வளைவில் கரத்தையை நிறுத்தினோம். அவர் தட்டிக் கேட்டார். "திறங்கண்ணே" என்றாள் அவள். கதவைத் திறந்தார். அதுவரை நாங்கள் அவள் முகத்தையே பார்க்கவில்லை. சின்னப் பெண். கல்லும் குழியுமான ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வந்ததில் நேற்றைய காயம் திறந்துகொண்டிருந்தது. நெற்றியிலிருந்து கன்னம் வரை ரத்தம் காய்ந்திருந்தது. இறங்கி அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் பதறி விலகினார். "போம்மா, போம்மா, யாராவது வாறதுக்குள்ள போ" என்றார். அவள் கேம்பு விளக்குகளைப் பார்த்து ஓடினாள்.

அதோடு முடிந்தது என்று நான் எண்ணினேன். அவருக்கு அப்போதுதான் தொடங்கியது.

அலுமாரியின் அறைக்குள் பின்பலகையில் ரத்தம் ஊறியிருந்தது. வெளிப்புறத்துக்குத்தான் பழைய வர்ணம், உள்ளே வெறும் மரம். கழுவிப் பார்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், கண்ணாடிச் சில்லால் சுரண்டினார். கட்டை ரத்தத்தைக் குடித்துவிட்டிருந்தது. உள்ளங்கை அளவில் கறை பழுப்பாக நின்றது. மேல்பலகைக்கென்று தேயிலைச் சாயத்தைச் சுண்டக் காய்ச்சி வைத்திருந்தார். துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த காடியில் ஊறப்போட்டு எடுத்த தண்ணீரும் இருந்தது. முதலில் தேயிலைச் சாயத்தைத் தடவி, அது காய்ந்ததும் ஆணித் தண்ணீரைத் தடவினால் வெளிறிய மரம் கண்ணெதிரே கறுக்கும். அதையே அறைக்குள்ளும் தடவினார். பின்பலகை, அடிப்பலகை, பக்கப்பலகை, கதவின் உட்புறம் எல்லாம் கறுப்பு. கறையை விழுங்கிவிட்டது.

வெளியே நீலம் பூசும்போதெல்லாம் நான் போய் உட்கார்ந்துகொள்வேன். தனியாக இருக்க அவர் பயந்தார். பாதையில் கங்காணித் தலைப்பாகை ஒன்று தெரிந்தால் வர்ணம் பூசுகிற மட்டை கையிலேயே நிற்கும். கடந்துபோனதும் மறுபடி பூசுவார். அப்படி நின்று நின்று பூசியும் அலுமாரி அழகாக வந்தது. மழைவிட்ட காலை வானம் போல ஒரு நீலம். மேல்பலகை பழந்தேன் நிறம். அவர் அதைப் பார்க்கவே விரும்பவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போன அன்று பங்களா முற்றத்தில் பெரிய கங்காணி நின்றிருந்தார். கோட்டும் தலைப்பாகையும், கையில் அந்தப் பிரம்பு. பருத்த மனிதர், பேச்சு மட்டும் மென்மையாக இருக்கும். ஆட்கள் அலுமாரியை இறக்கி நிறுத்தினார்கள். கங்காணி சுற்றிவந்து பார்த்தார். குனிந்து இரட்டைக் கதவைத் திறந்தார். தட்டாமல், கேட்காமல், சட்டென்று. வர்ணக்காரர் என் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

கங்காணி தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"உள்ளயும் சாயம் ஏத்தியிருக்கியே" என்றார். "அலுமாரிக்கு உள்ள எவன் பாக்கப் போறான்?"

"நீங்க பாக்குறீங்களே, ஐயா" என்றார் வர்ணக்காரர், கண்ணைத் திறக்காமலே.

கங்காணி நிமிர்ந்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்காத முகம். அதற்குள் துரைசாணி வராந்தாவுக்கு வந்துவிட்டாள். நீலத்தைக் கையால் தடவினாள். அவள் முகம் மலர்ந்தது. அப்புவை அழைத்து, உடனே பிள்ளையின் அறைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். கங்காணி தலைப்பாகையைத் தொட்டு வணங்கி ஒதுங்கி நின்றார். நாங்கள் கரத்தையில் ஏறிய பிறகும் அவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, கங்காணி கொட்டகைக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு அலுமாரி வேணும். அதே மாதிரி. ஆள் படுக்கிற அளவுக்கு."

வர்ணக்காரர் சுண்ணாம்பு அரைத்துக்கொண்டிருந்தார். அரைப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு சங்கதி கேக்கணும்" என்றார் கங்காணி. "காவக்காரப் பயலுககிட்ட அம்மை வந்த சாமான்னு சொன்னியாமே. அப்புகிட்ட விசாரிச்சேன். அந்த அலுமாரி வந்து வருஷக்கணக்காச்சாம். அம்மையும் இல்ல, ஒண்ணுமில்லயாம். ஏன் அப்படிச் சொன்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் வர்ணக்காரரே சொன்னார்.

"காவக்காரங்க பிரம்பால குத்திக் குத்திப் பாத்தாங்கய்யா. மரம் கீறிட்டா துரைசாணிக்கு யாரு பதில் சொல்றது? எனக்கு எல்லாத்துக்கும் பயமுங்க. ஊருல கேட்டுப் பாருங்க."

"கேட்டேன்" என்றார் கங்காணி. "ஊரே சொல்லுது. நீ பெரிய பயந்தாங்கொள்ளியாம்." எழுந்தார். போகும்போது பிரம்பு நுனியை வர்ணக்காரரின் தோளில் வைத்து, பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல இரண்டு தட்டுத் தட்டினார். "அடுத்த ஞாயித்துக்கெழம ஆளுங்களோட வாரேன். அப்ப நிதானமாப் பேசலாம்."

அவர் தலை மறைந்ததும் வர்ணக்காரர் அம்மிக்கு மேலேயே கவிழ்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினேன். எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கரத்தையைப் பூட்டு. அந்தப் புள்ளைகிட்ட வேற எங்கயாவது போயிரச் சொல்லணும்."

"இப்பவே போனா பின்னாலேயே ஆள் வரும் அண்ணே."

"அப்ப நாளைக்குக் காலையில. ஆனா போகணும். நான் யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி. அவனுங்க வந்து ஒரு அடி அடிச்சாப் போதும், கேம்பு, அண்ணன், எல்லாத்தையும் சொல்லிருவேன். ரெண்டாவது அடிக்குக்கூட நான் தாங்க மாட்டேன். அந்தப் பயம்தான் என்னைக் கொல்லுது. அவனுங்க அடிக்கிறது இல்ல. நான் சொல்றது."

மறுநாள் காலையில் பசறைப் பாதையில் வைக்கோல் ஏற்றப் போவதுபோலப் போனோம். வழியெல்லாம் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கேம்பில் கல் உடைக்கும் சத்தம் கேட்டது. மீனாட்சியின் அண்ணனைக் கேட்டோம். அங்கே சமைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவனா? அவனும் தங்கச்சியும் அப்பவே போயிட்டாங்களே. அந்தப் புள்ள வந்த மறுநா, விடியக் காத்தாலேயே."

"எங்க போனாங்க?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? எங்ககிட்டயும் சொல்லல, மேஸ்திரிகிட்டயும் சொல்லல. சொல்லிட்டுப் போனா விளங்குமா?"

நான் வர்ணக்காரரைப் பார்த்தேன். அவர் கல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று பயந்து பக்கத்தில் போனேன். முகத்தைக் கையால் மூடியிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நமக்குக்கூடச் சொல்லலை பாரு தம்பி. கெட்டிக்காரி." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இனி எவன் அடிச்சாலும் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல. எவ்வளவு அடிச்சாலும் ஒண்ணுமே இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கங்காணியின் ஆட்கள் வந்தார்கள். அடித்தார்கள். கொட்டகையின் சட்டிகளையெல்லாம் உடைத்தார்கள். பால் வர்ணம் பாதை வரை ஓடிற்று. கடைவீதியே வாசலில் கூடியபோதுதான் அவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். நான் போய்த் தூக்கியபோது அவருக்கு ஒரு பக்கத்துக் கண் மூடி வீங்கியிருந்தது. கன்னமெல்லாம் நீலம் அப்பியிருந்தது. மிட்டாய்க்காரன் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தான். அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"என்ன அண்ணே கேட்டானுங்க?" என்றேன்.

"எங்க இருக்கான்னு கேட்டானுங்க." சொம்பைக் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்தார். "தெரியாதுன்னேன், தம்பி. சத்தியமாத் தெரியாதுன்னேன்."

அன்று பகல் முழுவதும் அவர் என் கரத்தையிலேயே, வைக்கோல் மேல், குறட்டைவிட்டுத் தூங்கினார்.